பந்தய வீரனின் பிற்பாதி

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் எழுதப்படும் கட்டுரைகளுள் ‘நான் ஒரு மிதிவண்டி’ என்பதற்குத் தனியிடம் உண்டு. தன்கதை என்னும் வகையைச் சேர்ந்தது அது. ஆறாம் ஆண்டு மாணவர்க்குரிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டது. ஆனால் அந்த மிதிவண்டியை மட்டும் எவரும் கைவிட்டாரில்லை. தொழிற்சாலையிற் பிறந்து, கடையில் விலைச்சீட்டுடன் காத்திருந்து, ஒரு சிறுவனின் பிறந்தநாளன்று அவன் வீட்டை அடைந்து, பள்ளிக்கும் திடலுக்கும் ஓடி, ஒருநாள் கால்வாயில் விழுந்து கைப்பிடி வளைந்து, இறுதியில் வீட்டின் பின்புறத்துக் கொட்டகையில் துருவேறிச் சாய்ந்து கிடக்கும் அவ்வண்டி தன் கதையைத் தானே சொல்லும். இக்கட்டுரையைப் பல்லாண்டுகளாகத் திருத்திவரும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முற்பகுதியெல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது போலிருக்கும். அந்தக் கொட்டகைக்கு வந்த பிறகுதான் பிள்ளைகளின் எழுத்து உயிர் பெறும். ஒரு பிள்ளை இருக்கையின் மேல் கோழி முட்டையிட்டதை எழுதும். மற்றொரு பிள்ளை, பழைய இரும்பு வாங்குபவரின் லாரிச் சத்தம் கேட்டு வண்டி நடுங்கியதை எழுதும்.

அதே பிள்ளைகளிடம் ‘நான் போற்றும் விளையாட்டு வீரர்’ என்று தலைப்பை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, வறுமை, விடாமுயற்சி, பதக்கம், ‘நாமும் அவரைப் போல் ஆவோமாக’. முடிந்தது. இரும்புக்குக் கிடைத்த முதுமை மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

இதைப் பிள்ளைகளின் குறை என்று தள்ளிவிட இயலாது. வாழ்க்கை வரலாறு என்று நாம் அவர்கள் கையிற் கொடுப்பன யாவும் அவ்வாறே உள்ளன. நாளேட்டின் விளையாட்டுப் பக்கம், பாடநூலின் அரைப்பக்கப் பகுதி, பரிசளிப்பு விழாவில் வாசிக்கப்படும் அறிமுகக் குறிப்பு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. வெற்றி மேடையின் மூன்று படிகளைக் கடந்து கீழே இறங்கி வீட்டுக்குப் போகும் மனிதனைப் பின்தொடர்ந்து செல்ல நம் உரைநடை இன்னும் பழகவில்லை. இக்குறையை மிதிவண்டிப் பந்தய வீரர் சிலரின் வரலாறுகளை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் நாட்டவரையே எடுத்துக்கொள்வோம். அசிசுல்ஹஸ்னி அவாங் 1988ஆம் ஆண்டு திரெங்கானு மாநிலத்து டுங்குனிற் பிறந்தவர். அவர் ஓடும் கெய்ரின் பந்தயம் சற்று விந்தையானது. முன்னே ஒரு விசைவண்டி வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே செல்லும். வீரர்கள் அதன் பின்னே வரிசையாக மிதிப்பார்கள். மூன்று சுற்று எஞ்சியிருக்கையில் விசைவண்டி விலகிவிடும். அதன் பிறகு எவர்க்கும் எவரும் துணையில்லை. ஓடுகளத்து மிதிவண்டிக்குத் தடைக்கட்டை கிடையாது. சக்கரம் சுழலும் வரை காலும் சுழன்றே ஆகவேண்டும். மிதியாமல் உருள அதற்குத் தெரியாது.

2011ஆம் ஆண்டு மான்செஸ்டரில் நடந்த உலகக் கிண்ணப் பந்தயத்தின் கடைசி வளைவில் வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ஓடுகளத்துப் பலகையிலிருந்து பெயர்ந்த ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளச் சிம்பு அசிசுலின் கெண்டைக்காலை ஒருபுறம் துளைத்து மறுபுறம் வெளிவந்தது. அந்த நிலையிலும் எழுந்து, வண்டியேறி, எல்லையைக் கடந்து மூன்றாம் இடம் பெற்றார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம். மிதிவண்டியில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2017இல் ஹாங்காங்கில் உலக வாகையர் பட்டம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தோக்கியோவில் வெள்ளி. அங்கே விசைவண்டி விலகிய நொடியிலேயே பிரிட்டனின் ஜேசன் கென்னி பாய்ந்து முன்னேறிவிட, மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த சிறு தயக்கத்தில் தங்கம் போயிற்று.

இதுவரை நம் ஏடுகளின் எழுத்துக்கு எவ்விதத் தடுமாற்றமும் இல்லை. இதற்குரிய சொற்கள் நம்மிடம் ஆயத்தமாக இருக்கின்றன. ‘சாதனை’, ‘பெருமை’, ‘வரலாறு படைத்தார்’ என்று அச்சுக் கோத்தே வைத்திருக்கிறோம். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அவருடைய மார்பைத் திறந்து இருதயத்தில் அறுவை செய்தார்கள். இருதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் ஒன்று பிறவியிலேயே இடம் மாறி அமைந்திருந்ததாம். அப்படியானால் மான்செஸ்டரிலும் ரியோவிலும் ஹாங்காங்கிலும் தோக்கியோவிலும் அவர் ஓடியதெல்லாம் அந்த இருதயத்தோடுதானே! இச்செய்தி அவருடைய முன்னைய வெற்றிகளை எல்லாம் நாம் மீண்டும் ஒருமுறை படிக்கும்படி செய்கிறது. ஆனால் அப்படிப் படித்து எழுதப்பட்ட ஒரு தமிழ்க் கட்டுரையேனும் என் கண்ணிற் படவில்லை. ‘நலம் பெற வேண்டுகிறோம்’ என்பதோடு நின்றோம். பின்னர் 2024ஆம் ஆண்டு பாரிசில், விசைவண்டி விலகுமுன்னரே அதைக் கடந்துவிட்டார் என்று முதற் சுற்றிலேயே அவர் நீக்கப்பட்டார். அன்று நம் விளையாட்டுப் பக்கத்துக்கு நாக்கு எழவில்லை. ‘ஏமாற்றம்’ என்ற ஒரு சொல், அதன் கீழ் நான்கு வரி. பதினைந்து ஆண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு சில நொடிகளில் ஒரு விதியின் கீழ் வந்து நின்ற அந்தக் காட்சியில் எழுத ஒன்றுமே இல்லையா?

தமிழுக்கு இதை எழுதும் ஆற்றல் இல்லை என்று எவரேனும் கூறினால் அவர்க்குப் புறநானூற்றின் 243ஆம் பாட்டைக் காட்டலாம். பாடியவர் பெயர் தெரியவில்லை. பாட்டில் வரும் ஊன்றுகோலை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவரை அழைக்கிறோம். ஒரு முதியவர் தம் இளமையை எண்ணுகிறார். மணலிற் பாவை செய்து பூச்சூட்டி விளையாடும் பெண்களோடு கைகோத்துத் திரிந்த காலம் அது. நீர்மேல் தாழ்ந்து சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்போர் வியக்கும்படி ஆழ்ந்த மடுவில் துடுமெனப் பாய்ந்து, அடியிலுள்ள மணலைக் கையால் அள்ளிக்கொண்டு வந்து காட்டியிருக்கிறார். இன்றோ தண்டூன்றி நடக்கிறார், இருமல் இடையிடுகிறது, இரண்டொரு சொல்தான் வெளிவருகிறது. அந்த இளமை எங்கே போயிற்று என்று கேட்கிறார். அவ்வளவே பாட்டு.

மாணவர்க்கு இப்பாட்டை நிலையாமைக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே நாம் கற்பித்து வருகிறோம். அதைச் சற்று வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். இது ஒரு விளையாட்டு வீரனின் தன்வரலாறு. பாய்வதற்கு அளவுகோல் உண்டு, ஆழம். பார்ப்போர் உண்டு, கரையில் நிற்பவர்கள். வென்றதற்குச் சான்றும் உண்டு. கையில் வந்த மணல். அக்காலத்துப் பதக்கம் அதுவே எனலாம். அந்தப் பதக்கம் என்ன ஆயிற்று என்று பாட்டு சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, கரைக்கு வந்ததும் விரலிடுக்கில் வழிந்திருக்கும். இருமலும் ஊன்றுகோலும் இல்லாமல் பாய்ச்சலை மட்டும் பாடியிருந்தால் அது ஒரு வேடிக்கை வருணனையாக நின்றிருக்கும். பாய்ச்சல் இல்லாமல் இருமலை மட்டும் பாடியிருந்தால் வெறும் புலம்பல். இரண்டும் ஒரே மூச்சில் வருவதால்தான் அந்த மனிதரை நாம் அறிந்தவர் போல உணர்கிறோம்.

இன்னொன்றையும் ஆசிரியர்கள் நோக்க வேண்டும். தொகுத்தோர் இப்பாட்டைப் பொதுவியல் திணையில் கையறுநிலைத் துறையில் வைத்தனர். கையறுநிலை, தலைவன் இறந்தபின் அவனை இழந்தோர் வருந்திப் பாடுவது. இங்கே இறந்தவர் எவருமில்லை. பாடுகிறவர் இழந்தது தம்மையே. வீரனுக்கு உயிரோடிருக்கும்போதே ஒரு கையறுநிலை உண்டு என்பதை அன்றே கண்டு அதற்கொரு துறையும் ஒதுக்கிய மரபு நம்முடையது. தொல்காப்பியர் வெற்றியைப் பாடும் வாகையை அடுத்து நிலையாமையைப் பாடும் காஞ்சியை வைத்தார். நம் விளையாட்டுப் பக்கங்களில் போர்க்களத்துத் தும்பை இருக்கிறது, வாகை இருக்கிறது, புகழ்ந்து பாடும் பாடாண் வேண்டிய மட்டும் இருக்கிறது. காஞ்சி மட்டும் இல்லை. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலன் முன்னிலையிலேயே, தோற்று முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னிலும் நல்லன் அல்லனோ என்னும் கருத்துப்படப் பாடிய வெண்ணிக்குயத்தியாரின் துணிவு நம் விளையாட்டுச் செய்தியாளருக்கு வேண்டாமா? அரசன் முன் நின்று பாடிய அம்மையார்க்கு இருந்த உரிமை, விளம்பரதாரர் முன் நிற்கும் நமக்கு இல்லையோ என்னவோ.

பிறநாட்டார் இவ்வகையில் நம்மினும் மேம்பட்டு விட்டார்கள் என்றும் கூறுவதற்கில்லை. அதற்கு மார்ஷல் டெய்லரின் நூலே சான்று. ‘மேஜர்’ டெய்லர் என்றே உலகம் அவரை அறியும். சிறுவனாக இருக்கையில் ஒரு மிதிவண்டிக் கடைமுன் படைவீரர் உடையில் வித்தை காட்டியதால் வந்த பட்டப்பெயர் அது. 1878ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபோலிசில் பிறந்த கறுப்பின மகன். தந்தையார் ஒரு வெள்ளையர் வீட்டு வண்டியோட்டி. 1894இல் அமெரிக்க மிதிவண்டியோர் சங்கம் கறுப்பினத்தவர்க்கு உறுப்புரிமை இல்லை என்று விதி செய்தது. அந்த விதி வந்த ஐந்தாம் ஆண்டில், 1899இல், மொண்ட்ரியலில் ஒரு மைல் விரைவோட்டத்தில் டெய்லர் உலக வாகையரானார். ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்று ஓடினார். சிட்னி நகரிற் பிறந்த மகளுக்குச் சிட்னி என்றே பெயரிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுவதில்லை என்பது அவருடைய சமயப் பிடிப்பு. அதனால் இழந்த பணம் சிறிதன்று. ஓடும்போது தள்ளினார்கள், வழிமறித்தார்கள், ஒருமுறை பந்தயம் முடிந்தபின் கழுத்தையே நெரித்தார்கள். 1910இல், 32ஆம் வயதில், ஓய்வு பெற்றார்.

அதன்பின் 22 ஆண்டுகள் உயிரோடிருந்தார். தொழில் தொடங்கினார், நிலைக்கவில்லை. வீடு போயிற்று. மனைவி பிரிந்தார். 1928இல் தம் வரலாற்றைத் தாமே எழுதித் தாமே வெளியிட்டார். ‘உலகின் மிக விரைவான மிதிவண்டி வீரன்’ என்பது அதன் பெயர். சிகாகோ நகரில் வீடு வீடாக ஏறி இறங்கி அந்நூலை விற்றார். 1932ஆம் ஆண்டு ஜூனில் அந்நகரத்து அரசு மருத்துவமனையின் தருமப் பிரிவில் காலமானார். அனாதைகளுக்குரிய இடத்தில், பெயர் பொறித்த கல்லும் இன்றிப் புதைத்தார்கள். 1948இல் பழைய பந்தய வீரர் சிலர் சேர்ந்து, மிதிவண்டித் தொழிலதிபர் ஒருவரின் பொருளுதவியோடு, உடலைத் தோண்டியெடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்து கல் நாட்டினார்கள். நடுகல் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும். ஆனால் நம் முன்னோர் அதற்குப் பதினாறு ஆண்டுகள் காத்திருந்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

இனி நூலைப் பற்றிச் சொல்வேன். பக்கம் பக்கமாகப் பந்தயங்கள். எந்த ஊர், எவர் எதிரி, எத்தனை நிமிடம், செய்தித்தாள் என்ன எழுதியது. தமக்குத் தீங்கிழைத்தவர்மேல் பகையில்லை என்கிறார். அந்தப் பெருந்தன்மை உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் அந்த நூலை எழுதிக்கொண்டிருந்த மனிதர் எங்கே? நலிந்த உடலோடு, கடன் கழுத்தை நெரிக்க, பழைய செய்தித்தாள் நறுக்குகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எழுதிய அந்த ஐம்பது வயது மனிதர் நூலுக்குள் வரவே இல்லை. விளையாட்டுப் பக்கம் அவருக்கு இழைத்த குறையை அவரே தமக்கு இழைத்துக்கொண்டார். 1910உடன் தம் வாழ்வு முடிந்துவிட்டதாக உலகம் கருதியதை அவரும் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். நூல் என்ற முறையில் அது குறையுடையது. அக்குறையினாலேயே அது நம் நெஞ்சை அழுத்துகிறது. எழுதப்படாத அந்த 18 ஆண்டுகள் எழுதப்பட்ட ஒவ்வொரு வெற்றிக்கும் அடியில் கிடக்கின்றன.

வரலாறு பதக்கத்தோடு நின்றுவிடுவதால் வரும் மற்றொரு கேடு வேறு வகையானது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் புற்றுநோயை வென்று பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தையும் வென்ற கதையைச் சொல்லும் தன்வரலாறு 2000ஆம் ஆண்டில் வந்தது. தன்முனைப்புப் பட்டறைகளில் அதை மேற்கோள் காட்டாதவர் அரிது. 2012இல் அவருடைய ஏழு வெற்றிகளும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் ஊக்கமருந்து உட்கொண்டதைத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். நோய் உண்மை, அதை அவர் தாங்கியதும் உண்மை. எனினும் அந்நூலைப் பத்தாண்டுக்கு முன்பே முடிந்த வரலாறாகக் கொண்டு பிள்ளைகள் கையிற் கொடுத்த ஆசிரியர்கள் என்ன செய்வது? உயிரோடிருக்கும் வீரனின் வரலாற்றுக்கு முற்றுப்புள்ளி இடுவதில் உள்ள இடர் இது. அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

கிரேம் ஒப்ரி என்னும் ஸ்காட்லாந்துக்காரரின் தன்வரலாறு 2003இல் வெளிவந்தது. நான் படித்தவற்றுள் அதுவே ஒழுங்கான நூல். சலவை இயந்திரத்திலிருந்து கழற்றிய உருளைகளைப் பொருத்தித் தம் கையாலேயே வண்டி செய்தவர் அவர். 1993ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் நார்வேயில் ஒரு மணி நேரச் சாதனைக்கு முயன்று தோற்றார். மறுநாள் காலையே மீண்டும் ஏறி 51.596 கிலோமீட்டர் ஓடி, ஒன்பது ஆண்டுக் காலம் அசையாதிருந்த சாதனையை முறியடித்தார். ஆறாம் நாள் கிறிஸ் போர்ட்மன் அதை முறியடித்துவிட்டார்! ஒன்பதாண்டு எங்கே, ஆறு நாள் எங்கே? அடுத்த ஆண்டு ஒப்ரி மீண்டும் அச்சாதனையைக் கைப்பற்றினார். பின்னர் அவர் வண்டியில் அமரும் முறையையே விதிகள் தடுத்தன. தம் மனநோயையும், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதையும், வெற்றி தமக்கு நிம்மதி தராமல் தோல்வியைத் தள்ளிப்போட மட்டுமே உதவியதையும் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். சாதனை பெற்ற நாளைவிட அதற்கு மறுவாரம் அவர் நூலில் கனமாக இருக்கிறது. பதக்கம் தரும் மனிதன் வேறு, அதைப் பெற்று வாழ வேண்டிய மனிதன் வேறு என்பதை அறிந்த எழுத்து அது.

துன்பக் கதைகளையே தேடிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டா. லங்காவிச் சுற்றுப் பந்தயம் 1996இல் தொடங்கியபோது அதன் முதல் வெற்றியாளர் டேமியன் மெக்டொனால்ட் என்னும் ஆஸ்திரேலியர். ஓட்டத்தை விட்டபின் மெல்பர்னில் ஒரு மருத்துவமனையில் தாதியராகப் பணிபுரிந்தார். 2007ஆம் ஆண்டு அந்நகரத்துச் சுரங்கச் சாலை விபத்தொன்றில் இறந்தார். முடிவு கொடிது, ஆனால் கெந்திங் மலையேறும் கால்களோடு நோயாளியின் கட்டிலருகே நின்ற ஆண்டுகளை எவர் வீண் என்பர்? ஆண்டுதோறும் அப்பந்தயம் வரும்போது சாலையோரம் பிள்ளைகளை நிறுத்திக் கொடியசைக்கச் செய்கிறோம். இந்த ஒரு செய்தியை அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

இடையே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இத்தாலியின் ஃபவுஸ்தோ கோப்பி தம் காலத்து வீரருள் தலைசிறந்தவராகக் கருதப்பட்டவர். இத்தாலியச் சுற்றை ஐந்து முறையும் பிரான்சுச் சுற்றை 1949, 1952 ஆகிய ஆண்டுகளிலும் வென்றவர். மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று திரும்பி, 1960ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், 40ஆம் வயதில், மலேரியாக் காய்ச்சலால் இறந்தார். மருத்துவர்கள் வேறு நோய் என்று மயங்கிவிட்டார்கள். அவரோடு சென்று அதே நோய் கண்ட பிரெஞ்சு வீரருக்கு உரிய காலத்தில் மருந்து கிடைத்துப் பிழைத்தார். கிள்ளான் வட்டாரத்தில் மால்கம் வாட்சன் 1901இல் கால்வாய் வெட்டிக் கொசுவை ஒழிக்கப் புகுந்ததற்கு 59 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது இது. நம் கோலசிலாங்கூர்த் தோட்டமொன்றின் டிரெசர் அக்கட்டிலருகே இருந்திருந்தால் குளிரையும் நடுக்கத்தையும் பார்த்த மாத்திரத்தில் கொய்னாப் புட்டியைத் திறந்திருப்பார்.

நம்மவரிடம் வருவோம். 1970இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற டாவுட் இப்ராஹிம், 1978இல் அதே நகரில் சாலைப் பந்தயத் தங்கம் வென்ற இங் ஜூ ஙான், பிற்காலத்தில் தேசியக் குழுவில் ஓடி ஒலிம்பிக் வரை சென்ற தமிழர் மு. குமரேசன் ஆகிய மூவரின் பெயரையும் எங்கள் வட்டாரத்தில் ஆசிரியர் பலர் அறியார். அறிந்தவரும் ஓராண்டையும் ஒரு பதக்கத்தையும் அறிவார்களேயன்றி அவர்கள் வாழ்ந்த வாழ்வை அறியார். குமரேசனைப் பற்றி நம் பள்ளி நூல்நிலையத்தில் ஒரு சிறு நூலும் இல்லை. ‘தமிழர் சாதனை’ என்று விழா மேடைகளில் குரலுயர்த்தும் நாம், அச்சாதனையாளர் ஒருவரின் எதிரில் ஒரு பிற்பகல் முழுதும் அமர்ந்து, எப்போது நிறுத்தினீர்கள், நிறுத்திய மறுநாள் காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், முழங்கால் எப்படியிருக்கிறது என்று கேட்டு எழுதியிருக்க வேண்டாமா?

தோட்டப்புறத்தில் மிதிவண்டிக்கு இருந்த மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை. இருளிலேயே பெரட்டுக்குச் சென்றதும், பின்னிருக்கையில் பால் தோம்பைக் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் ஸ்டோருக்கு மிதித்ததும், கிராணியார் வருகிறார் என்பதை மணியோசையால் அறிந்ததும் புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்து மூத்தோர் எவரும் சொல்வார்கள். 1917இல் எண்ணெய்ப்பனை முதன்முதலாக வாணிகமுறையில் நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான் உள்ளது. பின்னர் பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. மிதிவண்டி போய் மோட்டார் வண்டி வந்தது. தோட்ட விளையாட்டு விழாக்களில் மெதுவாக மிதிவண்டி ஓட்டும் போட்டி ஒன்று வைப்பதுண்டு. காலூன்றாமல் கடைசியாக வருபவரே வென்றவர். உலகத்துப் பந்தய நூல்களில் இடம்பெறாத இப்போட்டியில் எங்கள் ஊர் முதியவர் சிலர் இன்றும் இளைஞரை வெல்வார்கள் என்பது என் கருத்து. இப்போது அச்சாலைகளில் ஞாயிறுதோறும் கண்ணைப் பறிக்கும் சட்டை அணிந்த நகரத்தார் விலையுயர்ந்த வண்டிகளில் கூட்டமாகச் செல்கிறார்கள். நம் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்க்கிறார்கள். சிலருக்குக் கால் துடிக்கிறது.

அப்படிக் கால் துடிக்கும் ஒரு பிள்ளையை மாவட்டப் போட்டிக்கு அனுப்பலாம் என்று சொன்னால் தாய் கேட்கும் முதற் கேள்வி, ‘ஐயா, ஓடி முடிச்ச பிறகு இவன் என்ன செய்வான்?’ என்பதுதான். நம் வாழ்க்கை வரலாறுகள் யாவும் விடைகூறாமல் விட்ட வினாவை அந்தத் தாய் கேட்கிறார். விடையில் ஒரு பகுதி உண்டு. ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர்க்கு நம் அரசு வாழ்நாள் முழுதும் மாதந்தோறும் உதவித்தொகை அளிக்கிறது; தங்கத்துக்கு 5,000, வெள்ளிக்கு 3,000, வெண்கலத்துக்கு 2,000 ரிங்கிட். முன்னாள் தேசிய வீரர் நலனுக்கென ஓர் அறவாரியமும் உண்டு. ஆனால் ஒலிம்பிக் பதக்கம் பெறுவோர் எத்தனை பேர்? மாநிலக் குழு வரை சென்று 24 வயதில் திரும்பி வருகிறவனே மிகுதி. படிப்பு பாதியில் நின்றிருக்கும்; உடன் படித்தவன் தொழிற்பயிற்சி முடித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பான். இவனுடைய கதையை எவரும் எழுதாததால்தான் தாய்க்கு அச்சம். எழுதப்பட்டிருந்தால் அச்சம் குறைந்திருக்கும் என்று உறுதி கூறமாட்டேன். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டா என்பதாவது தெரிந்திருக்கும்.

பிஞ்சு உள்ளங்களுக்கு வீழ்ச்சியைச் சொல்லி ஊக்கத்தைக் கெடுக்கலாமா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். தக்க கேள்வியே. ஆனால் ‘நான் ஒரு மிதிவண்டி’ எழுதிய எந்தப் பிள்ளையும் அக்கொட்டகைத் துருவை எழுதியதனால் மிதிவண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டதாக நான் அறியேன். எழுதி முடித்த அன்று மாலையே வண்டியைத் துடைத்து எண்ணெய் போட்ட பிள்ளைகள் உண்டு. அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ சிறுகதையை உயர்நிலை மாணவர்க்குப் படித்துக் காட்டியவர்கள் இதை உணர்ந்திருப்பார்கள். வேலை தேடிப் படக்கம்பெனிக்கு வரும் ஒரு பழைய வித்தைக்காரன் அங்கிருந்தோர் நடுங்கும்படி புலியாகவே மாறிக் காட்டுகிறான்; பின்னர் அவனைத் தேடும்போது கிடைக்கவில்லை. அக்கதையைக் கேட்ட மாணவர்கள் வேடத்தை வெறுப்பதில்லை. அவன் எங்கே போனான் என்றே கேட்கிறார்கள்.

ஆதலின் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் ‘நான் போற்றும் விளையாட்டு வீரர்’ என்னும் தலைப்பைக் கொடுக்கும்போது, இணையத்திலிருந்து எடுக்கும் பெரும்பெயர்களை ஒருமுறை ஒதுக்கி வைத்து, தத்தம் ஊரில், தோட்டத்தில், உறவில், ஒரு காலத்தில் ஓடியவர், பந்தாடியவர், குண்டெறிந்தவர் ஒருவரைத் தேடிப் போகச் சொல்லுங்கள். பரிசுக் கிண்ணத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். அக்கிண்ணம் இப்போது வீட்டில் எங்கே இருக்கிறது, அதனுள் என்ன போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ஓட்டத்தை நிறுத்திய ஆண்டு எது, ஏன், அடுத்த வேலை எது, முதற் சம்பளம் எவ்வளவு, இன்று மிதிவண்டியைக் கண்டால் ஏறத் தோன்றுகிறதா என்பனவற்றைக் கேட்டு வரட்டும். சென்ற தவணை எங்கள் ஐந்தாம் ஆண்டில் இதைச் செய்து பார்த்தோம். ஒரு மாணவி தன் தாத்தாவின் கிண்ணத்தில் பாட்டி திருநீறு வைத்திருப்பதாக எழுதியிருந்தாள்.